ஊட்டியில் படம் எடுத்த இடங்களைப் பார்க்க எது தோது: டாக்ஸியா, கைடோடு நடையா, மலை ரயிலா?

ஊட்டிக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் வீடு இருந்தால் ஏப்ரல் பிறந்ததுமே சொந்தக்காரர்களின் ஃபோன் வரத் தொடங்கிவிடும். வழக்கமாகக் கேட்பது ரூம் கிடைக்குமா, ஸ்வெட்டர் வேண்டுமா என்பதுதான். இந்த முறை அக்கா மகன் வேறு ஒன்று கேட்டான்.

அவன் வேலை விஷயமாகக் குரோஷியா போனவன். அங்கே டுப்ரோவ்னிக் என்ற பழைய கடற்கரை நகரத்தில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் எடுத்த இடங்களைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். கைடாக வந்த பெண் தொடரில் இருந்து எடுத்த ஸ்டில்களை ஆல்பமாக வைத்திருந்தாளாம். இயேசு சபைத் தேவாலயத்தின் படிக்கட்டில் நிற்க வைத்து, அந்தப் படத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாளாம். படத்தில் இருக்கும் படியும் காலடியில் இருக்கும் படியும் அச்சாகப் பொருந்துமாம். “மாமா, நம்ம ஊட்டில எடுக்காத படமா? அங்க இப்படி யாரும் கூட்டிட்டுப் போறதில்லையா?”

நியாயமான கேள்வி. ஆனால் டுப்ரோவ்னிக் ஒரு கோட்டை ஊர். அதன் சுற்றுமதிலே 2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காலையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். நம் மலையில் ஒரு பாட்டின் பல்லவி பைக்காராவிலும் சரணம் குன்னூரிலும் இருக்கும். நடுவில் நாற்பது கிலோமீட்டர் வளைவு. அதனால் இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைப் பார்ப்பது என்பதல்ல, எப்படிப் போவது என்பதுதான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

பணத்தை நான் முதலில் வைக்க மாட்டேன். முதல் கேள்வி, காட்டுகிற இடம் நிஜமாகவே அந்த இடம்தானா என்பது. மலையில் எல்லாப் புல்மேடும் ஒன்றுபோல இருக்கும். “இங்கதாங்க எடுத்தாங்க” என்று சொல்லிவிட்டால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

இரண்டாவது, கூட வருபவர்களின் கால். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் தினமும் நடப்பவருக்கே முதல் நாள் ஒரு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, பேசிய தொகைக்கு மேலே என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பது. நான்காவது மேகம். ஃப்ரேமைப் பார்க்கத்தான் போகிறோம். மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் ஃப்ரேமும் இல்லை, ஒன்றும் இல்லை.

| | டாக்ஸி ரவுண்ட் | கைடோடு நடை | மலை ரயிலும் சொந்த நடையும் |
|---|---|---|---|
| இடம் உறுதியா? | பெரும்பாலும் பொதுப்படை | ஆளைப் பொறுத்தது | ஒன்றிரண்டு இடம்தான், ஆனால் உறுதி |
| வயதானவர்களுக்கு | தோது | சிரமம் | பரவாயில்லை |
| நேரம் | ஒரு முழு நாள் | இரண்டு மூன்று மணி நேரம் | அரை நாள் |
| மேல் செலவு | நிறைய | கொஞ்சம் | அநேகமாக இல்லை |
| மழை வந்தால் | வண்டிக்குள் இருக்கலாம் | கெட்டது | கேத்திக்கு மழையும் பொருத்தம் |

கடைசிக் கட்டத்தில் இருப்பது விளையாட்டுக்கு எழுதியது அல்ல. பிறகு சொல்கிறேன்.

## டாக்ஸியில் ‘ஷூட்டிங் ஸ்பாட்’ ரவுண்ட்

ஊட்டியில் இறங்கியதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். கூடலூர் ரோட்டில் தலைகுந்தா, பைன் காடு, ஆறாவது மைல், ஒன்பதாவது மைல், அப்புறம் பைக்காரா என்று வரிசையாகப் போகும். மைல் கணக்கு வெள்ளைக்காரன் காலத்தது. ஒன்பதாவது மைல் என்றால் ஊரில் இருந்து பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர். இந்தப் புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். மரம் இல்லாத, அலை அலையாகப் போகும் மேடுகள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று பாட்டு எடுக்காத பாஷை இல்லை.

ஒருமுறை மதுரையில் இருந்து வந்த சித்தப்பாவோடு போனேன். டிரைவர் ஒன்பதாவது மைலில் வண்டியை நிறுத்தி, “நூறு படம் எடுத்த இடம் சார்” என்றார்.

“எந்தப் படம்ணே?” என்றார் சித்தப்பா.

“எல்லாப் படமும்தான் சார்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மேட்டின் சிக்கலே அதுதான். நூறு படம் எடுத்த இடத்தில் ஒரு படத்தைத் தேடினால் கிடைக்காது. மேலே ஏறினால் புல் தேய்ந்து மண் தெரிகிறது. மாங்காய்க் கீற்று விற்பவர், குதிரைக்காரர், வாடகைக் குடை, சுட்ட சோளம். சித்தப்பா பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “காத்து நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இந்த ரோட்டில் யாரும் நிறுத்திக் காட்டாத இடம் ஒன்று இருக்கிறது. போகும் வழியில் இந்து நகர். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இருந்த இடம். 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. 1967-இல் ஃபிலிம் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் போயின. படம் எடுக்க ஊரே லொக்கேஷனாக இருந்தபோது, ரோட்டோரத்திலேயே ஃபிலிமும் தயாராகிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் வந்தது, ஆலை மூடப்பட்டது. சினிமா பார்க்க வந்தவர்கள் அந்த கேட்டை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிப் போகிறார்கள். டிரைவரிடம் சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்துவார். நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. பேசிய வாடகைக்குள் நுழைவுக் கட்டணம் வராது. நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டிக்கெட், பார்க்கிங். பைக்காராவில் படகு வேறு. காத்திருப்புக்குக் காசு உண்டா, டிரைவர் பேட்டா உள்ளே அடங்குமா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாயின்ட் எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ‘எட்டு பாயின்ட்’ என்று பேசி, அதில் மூன்று சாக்லேட் கடையும் டீத்தூள் கடையுமாக முடிந்த கதை எனக்கே நடந்திருக்கிறது.

சொந்தக் காரில் போகிறேன் என்பவர்களுக்கு: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் இந்தத் தொல்லை இல்லை. மேலே வந்த பிறகும் சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு செக்போஸ்ட்டில் மாட்டினால் அபராதம்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள், சின்னக் குழந்தை இருக்கிறது, குறிப்பிட்ட படம் எதுவும் மனதில் இல்லை, பாட்டுக் காட்சி மாதிரி ஒரு புல்மேட்டில் நின்று ஃபோட்டோ எடுத்தால் போதும் என்றால் டாக்ஸிதான் சரி. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, முதலில் தூரமான பைக்காராவுக்குப் போய்விட்டு, திரும்பும்போது மற்றதைப் பாருங்கள். எல்லோரும் ஊரில் இருந்து வரிசையாக நிறுத்திக்கொண்டே போவார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வந்தால் கூட்டம் குறையும்.

தனி ஆளாக வந்தவர்களுக்கு ஒரு வரி: சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஊருக்குள் சுற்றுப் பேருந்து விடும். மலிவு. பூங்கா, ஏரி, தொட்டபெட்டா என்று போகுமே தவிர, அதில் சினிமாவைத் தேடாதீர்கள்.

## கைடோடு நடை

டுப்ரோவ்னிக் மாதிரி மணி அடித்தாற்போலத் தினமும் கிளம்பும் சினிமா நடை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தங்கும் விடுதியிலோ ஹோம்ஸ்டேயிலோ சொல்லி, உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வதுதான் வழி. வழக்கமான பாதை சேரிங்கிராஸில் ஆடம்ஸ் நீரூற்று, நீலகிரி நூலகம், புனித ஸ்டீபன் தேவாலயம், வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களா (இன்று அரசுக் கலைக் கல்லூரி வளாகம்), பழைய அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டர், தாவரவியல் பூங்கா. பூங்கா 1848-இல் தொடங்கியது. பாட்டுக் காட்சிகளில் அதன் சரிவும் பாத்திகளும் வராத வருடமே இல்லாத ஒரு காலம் இருந்தது. இப்போது சீசன் மாதங்களில் அங்கே படப்பிடிப்புக்கு அனுமதி தருவதில்லை.

பாதி ஊர் வரலாறு, பாதி சினிமா. அதில் தவறில்லை. தவறு எங்கே நடக்கும் என்றால், கைடு தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும்போது. ஒருவர் எங்களைப் பெரிய பங்களா ஒன்றின் கேட் முன்னால் நிறுத்தி, பிரபலமான பேய்ப் படம் ஒன்றைச் சொல்லி இங்கேதான் எடுத்தார்கள் என்றார். உள்ளே இருந்து வந்த வாட்ச்மேன், “நான் இருபது வருசமா இருக்கேன், ஒரு கேமராவும் வந்ததில்லை” என்றார். கைடு அசரவில்லை. “அதுக்கு முந்தி” என்றார்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. ‘ரோஜா’ (1992) படத்தின் காஷ்மீர் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். அப்போது காஷ்மீரில் இருந்த நிலைமையில் அங்கே போக முடியாமல் குன்னூர், ஊட்டி, மணாலி என்று பிரித்து எடுத்தார்கள். “காஷ்மீர்லதான் சார்” என்பவரை விட்டுவிடலாம். “ஒரு பகுதி நம்ம பக்கம்” என்று தொடங்குபவரோடு போகலாம்.

நல்ல ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். யூனிட்டுகளுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பிழைத்த ஒரு பெரியவரோடு பூங்காவுக்குப் போனேன். கைடு என்ற அடையாள அட்டை எதுவும் அவரிடம் இல்லை. ஒரு சரிவில் நின்று ஃபோனில் பாட்டை ஓடவிட்டு, படத்தில் தெரியும் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பொருந்தவே இல்லை. அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உக்காருங்க தம்பி” என்றார். உட்கார்ந்தேன். “இன்னும் கீழ. கேமரா தரையில கிடந்துச்சு. நின்னுக்கிட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்?” ஈரப் புல்லில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தேன். மரம் வானத்தில் ஏறியது, பின்னால் இருந்த கட்டடம் மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. அதேதான். சட்டை முழுக்கச் சேறு.

ஒன்பதாவது மைலை ஏன் எல்லோரும் விரும்பினார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அழகு ஒரு காரணம், ஆனால் பக்கத்திலேயே ரோடு இருந்தது, ஜெனரேட்டர் வண்டியும் சாப்பாட்டு வண்டியும் மேடு வரைக்கும் வந்துவிடும். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்ட் கம்பம் குறுக்கே வராது. இதை டாக்ஸியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது.

மறை செலவு இங்கே பணத்தில் அதிகம் இல்லை, பூங்கா டிக்கெட்டோடு சரி. ஆனால் தனியார் பங்களாக்கள், பள்ளிக்கூடங்கள், எஸ்டேட்டுகள் பலவற்றை கேட்டோடு பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். லவ்டேல் லாரன்ஸ் பள்ளிக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ‘உள்ளே கூட்டிட்டுப் போறேன்’ என்று கூடுதல் காசு கேட்பவரிடம் ஜாக்கிரதை. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளுக்கு அழைத்துப்போகிறேன் என்றால், அங்கே இருப்பவர்களிடம் முன்பே கேட்டாயிற்றா என்று கேளுங்கள். அது அவர்கள் வீடு, செட் அல்ல.

இரண்டு மூன்று பேர், நன்றாக நடப்பவர்கள், கையில் ஒரு படத்தின் பெயரோடு வருகிறவர்கள் என்றால் இது பொருந்தும். பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டாம். பாதிப் பேர் கமர்ஷியல் ரோட்டில் வர்க்கிக் கடையிலேயே நின்றுவிடுவார்கள்.

## மலை ரயிலும் சொந்த நடையும்

என் ஓட்டு இதற்குத்தான். ஒளித்துப் பேசி என்ன பயன்?

காரணம் எளிமையானது. நீலகிரியில் எடுத்த காட்சிகளில் ஜனங்கள் மறக்காத இரண்டு, ரயில் பாதையில்தான் இருக்கின்றன. ஒன்று ‘தில் சே’ (1998, தமிழில் ‘உயிரே’) படத்தில் மலை ரயிலின் கூரை மேல் ஆடும் பாட்டு. இன்னொன்று பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) முடிகிற இடம்.

முதலாவதை எந்த கைடும் ஓர் இடத்தில் நிறுத்திக் காட்ட முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கிற காட்சி, ஏறி உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும். கூரை மேல் ஏறக் கூடாது, ஆனால் ஜன்னலில் தலை சாய்த்தால் வளைவில் முன்பெட்டி முழுதாகத் தெரியும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறந்தது, ஊட்டி வரை 1908-இல் வந்து சேர்ந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் இருக்கும், நீராவி எஞ்சின் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். முழுப் பயணத்துக்கு முன்பதிவு வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்காக மனம் ஒடிய வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே தனியாக ஓடும் ரயில்களும் உண்டு. டீசல் எஞ்சின்தான், புகை இல்லை. ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் வந்துவிடும்.

கேத்தியில் இறங்குங்கள்.

சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரம் ஒரு பார்வைக்குள் அடங்கிவிடும். ரயில் போன பிறகு ஐந்து நிமிடத்தில் சத்தம் முழுக்க அடங்கிப்போகும். பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோஸும் படிப்படியாக இறங்கும், அதற்கு மேலே படகர் ஊர்களான ஹட்டிகளின் வீடுகள். யாராவது தோட்டத்தில் தண்ணீர் விடும் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியில் கமல் தலையில் பாத்திரத்தோடு குரங்கு வித்தை காட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினது இந்த ஸ்டேஷனில்தான். அவருக்கு அந்தப் படத்துக்கு தேசிய விருது, ஒளிப்பதிவுக்கு பாலு மகேந்திராவுக்கும். அன்று மழை திட்டத்தில் இல்லை, வந்துவிட்டது, நிறுத்தாமல் எடுத்தார்கள். அதனால்தான் கேத்திக்கு மழையும் பொருத்தம் என்று மேலே எழுதினேன். வெயிலில் போனால் அது ஒரு அழகான ஸ்டேஷன். தூறலில் போனால் தொண்டை அடைக்கும்.

செலவு என்றால் ரயில் டிக்கெட்தான். இங்கே இழப்பது நேரம். கேத்தியில் இறங்கிவிட்டால் அடுத்த ரயிலுக்கு வெகு நேரம் ஆகும். அதற்குக் காத்திருக்காமல் மேலே எல்லநள்ளி வரை ஏறி, மெயின் ரோட்டில் ஊட்டி பஸ்ஸோ குன்னூர் பஸ்ஸோ பிடிக்கலாம். ஏற்றம்தான், வழியில் கேட்டால் ஆட்டோ கிடைக்கும். ஸ்டேஷனில் கடை கண்ணி என்று எதையும் நம்ப வேண்டாம், ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வார்கள், முக்கியமாக குன்னூருக்குக் கீழே. அந்த மாதங்களில் வருகிறவர்கள் இதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

## கொடைக்கானல் பக்கம் போகலாமா?

கொடைக்கானல் குகையை வைத்து எடுத்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) வந்த பிறகு இதையும் கேட்கிறார்கள். டெவில்ஸ் கிச்சன் என்றிருந்த குகைக்கு ‘குணா’ (1991) படத்துக்குப் பிறகு குணா குகை என்றே பெயராகிவிட்டது. ஒரே படத்தால் ஊரின் வரைபடமே மாறியது என்ற வகையில் டுப்ரோவ்னிக்குக்கு நெருக்கமானது இதுதான். ஆனால் குகைக்குள் யாரையும் விடுவதில்லை. வேலிக்கு இப்பால் நின்று, வேர்கள் பின்னிக் கிடக்கும் தரையைப் பார்த்துவிட்டு வரலாம். 2024 படத்தின் குகையும் கேரளத்தில் போட்ட செட். இது தெரியாமல் போனால் ஏமாற்றம், தெரிந்து போனால் வேர்களே போதும். பைன் காடு, தூண் பாறை எல்லாம் அதே சாலையில் இருப்பதால் டாக்ஸி ஒன்றே வழி. யானை வந்துவிட்டால் வனத்துறை அந்தப் பக்கத்தையே மூடிவிடும். ஊட்டியில் இருந்து 250 கிலோமீட்டர் பக்கம் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள்.

அக்கா வீட்டுக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். அக்காவும் மாமியாரும் டாக்ஸியில் பைக்காரா போனார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். பையனைக் காலை ரயிலில் கேத்திக்கு ஏற்றிவிட்டேன். ஃபோனில் அந்தக் கடைசிக் காட்சியை இறக்கிவைத்துக்கொண்டு போனான். மதியம் கூப்பிட்டு, “மாமா, படத்துல வர்ற தூணு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு நினைக்கிறேன்” என்றான். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதைக் கேட்கவில்லை.